கடைமடைப் பகுதிக்கு எந்த டெம்? மைனஸ் 90 மீட்டர் ஏன் வருகிறது?

கடைமடை_மாணவன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நீர்வளப் பொறியியல் முதுகலை, கடைசி செமஸ்டர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் தலைஞாயிறுக்கும் வேதாரண்யத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் மழைவெள்ளம் எங்கே தேங்குகிறது, எந்த வழியாக வடிகிறது என்று மாடல் செய்ய வேண்டும். லிடார் (விமானத்திலிருந்து லேசரால் அளந்த) தரவு கைக்கு எட்டாது. இலவசமாகக் கிடைக்கும் உயர மாதிரிகளில் (டெம், அதாவது நில உயரத்தைப் பிக்சல் பிக்சலாகச் சொல்லும் கோப்பு) நான்கை இறக்கி வைத்திருக்கிறேன்: எஸ்.ஆர்.டி.எம். 30 மீட்டர் (விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் எடுத்தது), இஸ்ரோவின் புவன் தளத்தின் கார்ட்டோடெம், கோப்பர்னிக்கஸ் ஜி.எல்.ஓ.-30, அப்புறம் ஆலோஸ் பால்சார் 12.5 மீட்டர்.

எது துல்லியம் என்று பார்க்க ஆர்.டி.கே. கருவியை (சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியம் தரும் ஜி.பி.எஸ்.) வாடகைக்கு எடுத்து, பைக்கில் போய் சாலை நெடுகப் புள்ளிகள் எடுத்தேன். ஃபிக்ஸ் ஆன, அதாவது முழுத் துல்லியம் கிடைத்த, புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டேன். டெம் உயரத்திலிருந்து ஜி.பி.எஸ். உயரத்தைக் கழித்துப் பார்த்தால், ஆர்.எம்.எஸ்.இ. (பிழைகளின் வர்க்கச் சராசரியின் வர்க்கமூலம்) கோப்பர்னிக்கஸுக்கு 1.9 மீட்டர், எஸ்.ஆர்.டி.எம்.முக்கு 3.4 மீட்டர். கோப்பர்னிக்கஸின் சராசரிப் பிழை கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனால் கார்ட்டோடெம்மும் ஆலோஸும் கடலுக்கு அடியில் கிடக்கின்றன, எல்லா இடத்திலும் மைனஸ் 90 பக்கம்.

சீனியர் ஒருவர் "இரண்டுக்கும் 90ஐக் கூட்டிவிடு, சரியாகிவிடும்" என்கிறார். கூட்டலாமா? 12.5 மீட்டர் என்பதால் ஆலோஸ்தானே நுணுக்கமாக இருக்க வேண்டும்? இல்லை, கோப்பர்னிக்கஸின் 1.9ஐயும் பூஜ்யச் சராசரியையும் காட்டி "இதுவே போதும்" என்று எழுதிவிடலாமா?

பழைய_லெவலர் பதில்:

தம்பி, கார்ட்டோடெம் கெட்டுப்போகவில்லை. அது டபிள்யூ.ஜி.எஸ். 84 எலிப்சாய்டிலிருந்து, அதாவது பூமிக்குப் பதிலாகக் கணக்கில் வைக்கும் வழவழப்பான உருண்டையிலிருந்து, அளந்த உயரம். நீங்கள் எதிர்பார்ப்பது கடல்மட்டத்திலிருந்து அளந்த உயரம். அந்தக் கடல்மட்டப் பரப்பின் பெயர் ஜியாய்டு, அது எலிப்சாய்டோடு ஒட்டிப் போவதில்லை. உலகத்திலேயே ஜியாய்டு மிகவும் பள்ளமாகக் கிடக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, எலிப்சாய்டுக்குக் கீழே சுமார் 106 மீட்டர். நாம் அந்தப் பள்ளத்தின் சரிவில் குடியிருக்கிறோம். மைனஸ் 90 வரவில்லை என்றால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

90ஐக் கூட்டுவது மட்டும் வேண்டாம். "சரிவில்" என்று சொன்னேன் அல்லவா, சிக்கலே அதுதான். சென்னையிலிருந்து கொழும்பு போவதற்குள் ஜியாய்டு சுமார் பத்து மீட்டர் இறங்குகிறது. ஒரு மாவட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள் ஒரு மீட்டரை ஒட்டி மாறக்கூடும். மலைப்பகுதி என்றால் அதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒரு கிலோமீட்டர் போனால் ஒரு முழம்கூட இறங்காத கடைமடையில், ஒரே எண்ணை எல்லா இடத்துக்கும் கூட்டினால் இல்லாத ஒரு சாய்வை நிலத்தின் தலையில் கட்டிவிடுவீர்கள். தண்ணீர் உங்கள் மாடலில் அந்தப் பொய்ச்சாய்வில் ஓடும். ஜியாய்டு ராஸ்டரை (கட்டக் கோப்பை) இறக்கி, பிக்சல் பிக்சலாகக் கழியுங்கள், அதன் எண்களே மைனஸ் என்பதால் கழித்தால்தான் உயரம் ஏறும். கியூஜிஐஎஸ் மென்பொருளில் ராஸ்டர் கால்குலேட்டர் போதும். எஸ்.ஆர்.டி.எம். இ.ஜி.எம்.96 என்ற ஜியாய்டு மாதிரியின் மேல் நிற்கிறது, கோப்பர்னிக்கஸ் இ.ஜி.எம்.2008 மேல் நிற்கிறது. அவற்றையும் ஒரே ஜியாய்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிடுங்கள். உங்கள் ஆர்.டி.கே. கன்ட்ரோலரில் எந்த ஜியாய்டு ஃபைல் ஏற்றியிருந்தது என்று வாடகைக்குக் கொடுத்தவரிடம் கேட்டீர்களா? பல கடைகளில் அவர்களுக்கே தெரிவதில்லை.

போகிற போக்கில் ஒன்று. இந்தியாவின் மட்டங்களுக்கு அடிப்படையாக 1909இல் முடிந்த பழைய மட்ட வலைக்கு ஒன்பது துறைமுகங்களின் கடல்மட்டத்தைப் பூஜ்யமாக எடுத்தார்கள். அவற்றில் நாகப்பட்டினமும் ஒன்று. சர்வே ஆஃப் இந்தியா பெஞ்ச்மார்க்கின் (மட்டம் குறித்த நிலையான அடையாளத்தின்) மட்டமும் இ.ஜி.எம். கணக்கில் வரும் உயரமும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு பெஞ்ச்மார்க் கிடைத்தால் ஆர்.டி.கே.யை அதன் மேல் வைத்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பொதுப்பணித்துறையின் பழைய வரைபடங்களில் இருக்கும் மதகு மட்டங்களை நாளைக்கு மாடலில் சேர்க்கும்போது அது உதவும்.

அடுத்து ஆலோஸ். இதைப் பல ஆய்வேடுகளில் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அந்த 12.5 மீட்டர் கோப்பு பால்சார் ரேடார் அளந்த உயரமே இல்லை. ரேடார் படங்களில் நிலத்தின் மேடுபள்ளத்தால் வரும் கோணலைத் திருத்துவதற்காக அலாஸ்காவில் உள்ள செயற்கைக்கோள் தரவு மையம் பயன்படுத்திய டெம் அது. நம் பகுதிக்கு எஸ்.ஆர்.டி.எம்.மையே எடுத்து, எலிப்சாய்டுக்கு மாற்றி, 12.5 மீட்டருக்கு நறுக்கி வைத்திருக்கிறார்கள். மைனஸ் வருவது அதனால்தான். ஜியாய்டைச் சரியாகக் கழித்தால் உங்கள் எஸ்.ஆர்.டி.எம். திரும்பி வந்து நிற்கும். ஆக உங்களிடம் இருப்பது நான்கு டெம் அல்ல, மூன்று.

இப்போது நீங்கள் பெருமையாகச் சொன்ன பூஜ்யச் சராசரிக்கு வருகிறேன். எனக்கு நெருடுவதே அதுதான்.

அந்தப் பக்கத்துச் சாலைகளில் நான் ஆட்டோ லெவலோடு (மட்டம் பார்க்கும் கருவி) அலைந்திருக்கிறேன். சாலை நடுவில் ஸ்டாஃப் (அளவுகோல்) பிடித்து ஒரு ரீடிங் எடுத்துவிட்டு, உதவியாளைக் கரையில் இறக்கி வரப்பைத் தாண்டி வயலுக்குள் ஸ்டாஃப் வைக்கச் சொன்னால் ஒரு மீட்டர், சில இடங்களில் ஒன்றரை மீட்டர் கூடுதலாகக் காட்டும், அதாவது வயல் அவ்வளவு கீழே. மழைத் தண்ணீர் ஏறாமல் இருக்க மண் கொட்டிக் கொட்டி உயர்த்திய சாலைகள் அவை. சாலையின் அகலமோ ஏழு மீட்டர் இருந்தால் அதிகம். 30 மீட்டர் பிக்சலில் முக்கால்வாசி வயல்தான். டெம் வயலின் உயரத்தைச் சொல்கிறது, நீங்கள் சாலையின் உயரத்தை வைத்து அதைத் தப்பு என்கிறீர்கள். அங்கெல்லாம் பிழை மைனஸில் வரும்.

ஊருக்குள் போனால் தலைகீழ். தெருவின் இரண்டு பக்கமும் வீடு, கொல்லையில் தென்னை, மா. கோப்பர்னிக்கஸின் அடிப்படை டான்டெம்-எக்ஸ் ரேடார், 2011 முதல் 2015 வரை எடுத்தது. அதன் எக்ஸ் பட்டை அலை இலைக்குள் அதிகம் நுழையாது, மரத்தின் மேல்பகுதியிலேயே திரும்பிவிடும். அங்கே பிழை பிளஸ். மைனஸும் பிளஸும் சேர்ந்து ஒன்றையொன்று தின்றுவிட்டால் சராசரி பூஜ்யம்தான். அதில் டெம்முக்கு ஒரு பெருமையும் இல்லை.

புள்ளிகளைத் திறந்த வயல், ஊர், தோப்பு, உப்பளம் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரிக்குப் பதில் இடைநிலை அளவை எடுங்கள். பரவலுக்குத் திட்ட விலக்கத்தோடு என்.எம்.ஏ.டி.யும் போடுங்கள்: ஒவ்வொரு பிழையிலிருந்தும் இடைநிலையைக் கழித்து, குறியை விட்டுவிட்டு, அவற்றின் இடைநிலையை 1.4826ஆல் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு தண்ணீர்த் தொட்டியின் மேல் விழுந்த பிக்சல் ஆர்.எம்.எஸ்.இ.யைத் தூக்கிவிடும், இதை அசைக்காது.

கையேடுகளில் போட்டிருக்கும் எண்களோடு ஒப்பிடும்போதும் கவனம். கோப்பர்னிக்கஸ் "4 மீட்டருக்குள்", எஸ்.ஆர்.டி.எம். "16 மீட்டர்" என்பதெல்லாம் நூற்றுக்குத் தொண்ணூறு புள்ளிகள் அடங்கும் எல்லை. அதை 1.645ஆல் வகுத்தால்தான் ஆர்.எம்.எஸ்.இ.யோடு ஒப்பிட முடியும், அதுவும் பிழைகள் ஒழுங்காக மணிவடிவில் பரவியிருந்தால். 4 மீட்டர் என்பது 2.4 ஆகிறது. எஸ்.ஆர்.டி.எம்.மின் 16 என்பது பறப்பதற்கு முன் வைத்த இலக்கு. பின்னர் சோதித்ததில் ஆசிய-ஐரோப்பிய நிலப்பரப்புக்கு 6.2 மீட்டர் என்று வந்தது.

மலைச்சரிவு பதில்:

லெவலர் ஐயா சொன்னதோடு ஒரு வரி சேர்க்கிறேன், நீலகிரிப் பக்கம் நிலச்சரிவு வேலை செய்கிறவன் நான். எங்களுக்கு ஒரு மீட்டர் ஜியாய்டு சாய்வெல்லாம் பொருட்டே இல்லை, கிடைமட்ட நகர்வுதான் எமன். 30 டிகிரிச் சரிவில் டெம் 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால் உயரத்தில் கிட்டத்தட்ட 5.8 மீட்டர் பிழை. நூத், கேப் இருவரும் 2011இல் எழுதிய முறைப்படி, சரிவின் திசையையும் உயர வித்தியாசத்தையும் வைத்து இரண்டு டெம்மையும் முதலில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்திவிட்டுத்தான் நாங்கள் துல்லியம் என்ற பேச்சையே எடுப்போம். உங்கள் சமவெளியில் அந்த நகர்வு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கொடியக்கரைப் பக்கத்து மணல்மேடுகளில் தெரியலாம், ஒருமுறை பாருங்கள்.

அப்புறம், புள்ளி போதவில்லை என்றால் ஐஸ்சாட்-2 இருக்கிறதே? 2018 செப்டம்பரில் ஏவிய செயற்கைக்கோள், லேசர், தரவு இலவசம்.

பழைய_லெவலர் பதில்:

ஐஸ்சாட்-2 நல்ல யோசனை. நான் மறந்துவிடவில்லை, முதல் பதில் நீண்டுவிட்டது. ஏ.டி.எல்.08 என்ற நில உயரக் கோப்பை எடுங்கள், நூறு நூறு மீட்டர் துண்டுக்கு ஒரு தரை உயரம் தரும். அதுவும் எலிப்சாய்டு உயரம்தான், மறுபடியும் மைனஸ் 90 பார்த்துப் பதற வேண்டாம். ஆறு கற்றைகளில் மூன்று வலுவானவை, அவற்றை மட்டும், முடிந்தால் இரவு நேரத்தில் கடந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது சாலையைப் பார்த்து ஓடுவதில்லை, வயலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

ஆனால் மாதம் பார்த்து எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அந்த வயல்களில் தண்ணீர் நிற்கும். லேசர் பச்சை நிறம், தண்ணீரின் மேற்பரப்பில் கொஞ்சமும் அடியில் கொஞ்சமும் பட்டுத் திரும்பும், தரை எது என்று குழப்பம். சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்து வெடித்துக் கிடக்கும் பங்குனி, சித்திரைத் தேதிகளை எடுங்கள். அகஸ்தியன்பள்ளி உப்பளங்களை மொத்தமாக வெளியே தள்ளிவிடுங்கள். பாத்தியில் தண்ணீர் இருக்கிற நாளில் ரேடாருக்கும் சரி, லேசருக்கும் சரி, அது நிலமே அல்ல.

எஸ்.ஆர்.டி.எம். பறந்தது 2000 பிப்ரவரி 11 முதல் 22 வரை. நம் கணக்கில் தை கடைசி, மாசி தொடக்கம். எந்த வயலில் கதிர் நின்றது, எதில் தாள் மட்டும் நின்றது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. அதோடு அதன் உயரங்கள் முழு எண்கள், 2 அல்லது 3, நடுவில் ஒன்றும் கிடையாது. சில கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் நிலத்தை அது படிக்கட்டாக வெட்டிவிடும், மேலே கோடு கோடாகப் பிழையும் இருக்கும். உங்கள் வேலைக்கு அதை ஒப்பீட்டு அட்டவணையில் வைத்துக்கொள்ளுங்கள், மாடலுக்குள் விடாதீர்கள்.

கோப்பர்னிக்கஸ் கோப்புறையோடு துணை மாஸ்க்குகளும் (எந்தப் பிக்சல் எப்படிப்பட்டது என்று குறிக்கும் கோப்புகள்) வரும், பெரும்பாலோர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நிரப்பல் மாஸ்க்கைத் திறந்து பாருங்கள். டான்டெம்-எக்ஸில் ஓட்டையாக இருந்த இடங்களை வேறு டெம்மிலிருந்து எடுத்து அடைத்திருப்பார்கள், எந்தப் பிக்சல் எங்கிருந்து வந்தது என்று அதில் இருக்கும். நீர்நிலை மாஸ்க்கில் தட்டையாக்கிய பகுதிகள் தெரியும். அந்தப் பிக்சல்களையும் சேர்த்துத் துல்லியம் கணக்கிட்டால், நீங்கள் சோதிப்பது யாரோ ஒருவர் கையால் போட்ட எண்ணை.

நன்செய்_நிலம் பதில்:

நான் அந்த வட்டாரத்துக்காரன், டெம் பற்றியெல்லாம் ஒன்றும் தெரியாது, தலைப்பில் கடைமடை என்று பார்த்து உள்ளே வந்தேன். ஒரு விஷயம் மட்டும். 2000இல் எடுத்த படத்தை நம்பி எங்கள் பக்கத்து மண்ணை எடைபோடாதீர்கள். அதற்குப் பிறகு வயலாக இருந்ததில் இறால் குட்டை வெட்டி, வெட்டிய மண்ணைச் சுற்றிலும் ஆளுயரத்துக்குக் கரையாக ஏற்றியிருக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு கடலோரமாகச் சவுக்கு நட்டார்கள், வளர்ந்ததும் வெட்டுவார்கள், மறுபடி நடுவார்கள். கஜா புயலில், 2018 நவம்பர் 16 விடியற்காலையில், தென்னை மொத்தமாகச் சாய்ந்தது. உங்கள் செயற்கைக்கோள் பார்த்த தோப்பு இப்போது அங்கே இருக்கிறதா என்று நேரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைமடை_மாணவன்:

அனைவருக்கும் மிக்க நன்றி. ஜியாய்டை ராஸ்டராகவே கழித்தேன், ஆலோஸ் அப்படியே எஸ்.ஆர்.டி.எம். மேல் படிந்துவிட்டது. புள்ளிகளைப் பிரித்தும் பார்த்தேன். கோப்பர்னிக்கஸில் வயல்வெளிச் சாலைப் புள்ளிகளின் இடைநிலைப் பிழை மைனஸ் 1.1 மீட்டர், ஊரும் தோப்பும் சேர்ந்த பகுதியில் பிளஸ் 2.3. ஐயா சொன்னது போலவே இரண்டும் எதிரெதிர். நிலத்தைப் பற்றிச் சொன்ன அண்ணனுக்கும் நன்றி, குட்டைகளை கூகுள் எர்த் பழைய படங்களில் தேடிக் குறித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது கேள்வி: வயலில் உண்மையான பிழை அரை மீட்டர் என்றே வந்தாலும், வெள்ளம் வடிவதைச் சொல்ல அது போதுமா? மரம், வீடு நீக்கிய ஃபேப்டெம்மை நேரடியாக எடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்துவிடாதா?

பழைய_லெவலர் பதில்:

சரி, இப்போது சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

அரை மீட்டர் போதுமா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தண்ணீருக்கு ஒரு இடத்தின் உயரம் 2.3 மீட்டரா 2.8 மீட்டரா என்பதில் அக்கறை இல்லை. பக்கத்து வயலைவிட மேலா கீழா என்பதே அதற்கு வேண்டும். மொத்த டெம்மும் அரை மீட்டர் தூக்கி நின்றால் வடிகால் வழி மாறாது, கடல்மட்டத்தோடு சேரும் இடத்தில் மட்டும் தொல்லை தரும். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஒன்று அரை மீட்டர் மேலும் இன்னொன்று கீழுமாகத் துள்ளினால் எல்லாம் போச்சு. அதனால் புள்ளிகளை ஜோடி சேர்த்துச் சோதியுங்கள். அரை கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள ஜோடிகள், ஒன்று, இரண்டு, நான்கு கிலோமீட்டர் ஜோடிகள் என்று எடுத்து, இரண்டு புள்ளிக்கும் நடுவே ஆர்.டி.கே. காட்டும் இறக்கம் எவ்வளவு, டெம் காட்டும் இறக்கம் எவ்வளவு என்று பாருங்கள். எத்தனை ஜோடியில் திசையே தப்பாக வருகிறது என்று எண்ணுங்கள். இந்த ஒரு வரைபடம் உங்கள் ஆய்வேட்டில் இருந்தால் மற்ற அட்டவணைகளை நான் புரட்டிப் பார்க்காமலே நம்புவேன். எந்தத் தூரத்திலிருந்து டெம் சொல்லும் சாய்வு நம்பத்தக்கது என்று அதில் தெரிந்துவிடும். அதைவிடச் சின்னத் தூரத்தில் மாடல் சொல்வதை வரைபடமாகப் போடாதீர்கள்.

தனித்தனிப் பிக்சலின் துள்ளலைக் குறைக்க வயல்வெளியை மட்டும் பத்துப் பிக்சல் சதுரமாகச் சராசரி எடுக்கலாம். வயல் எப்படியும் தட்டைதான், ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் சாலை, வாய்க்கால் கரை, வேதாரண்யம் கால்வாய்க் கரை, அடப்பாறு, அரிச்சந்திரா நதிக் கரைகள் எல்லாவற்றையும் தனிக் கோடுகளாக, நீங்களே அளந்த உயரத்தோடு மாடலில் ஏற்றுங்கள். நீங்கள் சாலையில் எடுத்த புள்ளிகள் வீண் இல்லை. டெம்மைச் சோதிக்க அவை உதவாது, கரையாக ஏற்ற அவைதான் வேண்டும். ஒன்றரை மீட்டர் சாலைக்கரை எந்த 30 மீட்டர் டெம்மிலும் நிற்காது, வெள்ளத்தைத் தடுத்து நிறுத்துவதோ அதுதான்.

ஃபேப்டெம் 2022இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டது. கோப்பர்னிக்கஸிலிருந்து மரத்தையும் வீட்டையும் கணினிக் கற்றல் வழியாகக் கழித்தது. வணிகம் அல்லாத வேலைக்கு இலவசம், மாணவருக்குத் தடை இல்லை. எடுங்கள், ஆனால் அதையும் அதே புள்ளிகளில், அதே பிரிவுகளில் சோதித்த பிறகு. ஊர்ப் புள்ளிகளின் 2.3 பாதியாகக் குறைந்தால் சந்தோஷம். வயல்வெளியில் கோப்பர்னிக்கஸைவிட மோசமாகியிருந்தால் அங்கே பழையதையே வைத்துக்கொள்ளலாம். ஒரே டெம்மைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

வயல் புள்ளிகளுக்கு ஆர்.டி.கே.யை மறுபடி வாடகைக்கு எடுக்கக் காசில்லை என்றால் கல்லூரி லேபில் தூசி படிந்த ஆட்டோ லெவல் ஒன்று கட்டாயம் இருக்கும். சாலையில் உங்கள் ஆர்.டி.கே. புள்ளியையே டி.பி.எம்.மாக (தற்காலிக பெஞ்ச்மார்க்காக) வைத்து, அங்கிருந்து வயலுக்குள் நான்கைந்து ரீடிங் எடுங்கள். வரப்பின் மேல் வைக்காதீர்கள், வயலின் நடுவில் வையுங்கள். ஒரு பிக்சலுக்குள் ஐந்து ரீடிங்கின் சராசரி, ஒரே ரீடிங்கைவிட எவ்வளவோ மேல், ஏனென்றால் பிக்சலும் ஒரு சராசரிதானே. குறைந்தது முப்பது பிக்சலாவது இப்படி எடுங்கள், பிரிவுக்குப் பிரிவு.

போகும்போதே மதகுகள், கடைமடை ரெகுலேட்டர்களின் சில் லெவலையும் (தண்ணீர் தாண்டிப் போகும் அடிப்படியின் மட்டம்) எடுத்துவிடுங்கள். அதை எந்தச் செயற்கைக்கோளும் உங்களுக்குச் சொல்லாது, வெள்ளம் எத்தனை நாள் நிற்கும் என்பதைப் பாதி அதுதான் முடிவு செய்கிறது. வைகாசிக்குள் போங்கள். ஆற்றில் தண்ணீர் விட்டபிறகு போனால் ஸ்டாஃப் அடியைத் தொடாது, வண்டலில் புதைந்துகொண்டு நிற்கும்.